மே முப்பத்தொன்றில் வளரும் புத்தகம்

பாளையங்கால்வாய்க்குத் தென்பக்கம் சூசையப்பர் தெரு என்று ஒன்று இருந்தது. அந்தத் தெரு முக்கில், ரேஷன் கடைக்கு மாடியில், மழை பெய்தால் ஒழுகுவதும் மழை இல்லாவிட்டால் வேகுவதுமாக ஒரு கிளை நூலகம் இருந்தது. அந்த நூலகத்துக்கு ஒரு ஜூன் மாதம் நாலு அட்டைப்பெட்டி நிறையச் சிறுவர் புத்தகங்கள் புதிதாக வந்திறங்கின. மூன்று முதல் ஐந்து வயதுக்கு ஒரு பெட்டி, ஆறு முதல் எட்டுக்கு ஒன்று, ஒன்பது முதல் பதினொன்றுக்கு ஒன்று, பன்னிரண்டு முதல் பதினாலுக்கு ஒன்று. நூலகர் கோமதிநாயகம் சார், எதையும் வரிசைப்படி செய்யாவிட்டால் சோறு இறங்காத மனுஷன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வயதுக்கான புத்தகத்தை எடுத்து, பின்னட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி, பெயரையும் பிறந்த தேதியையும் நீல மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊதி உலர்த்திக் கொடுத்தார். பாவம், அத்தனை வேலையும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லுபடியானது. அடுத்த வருஷம் புத்தகங்கள் வளர்ந்துவிட்டன.

முதலில் பார்த்தது ஜெசிந்தாதான். ஜூன் ஒன்றாம் தேதி காலை, மகள் பெனிட்டாவின் புத்தகத்துக்குப் போட்டிருந்த பிரவுன் ஷீட் அட்டை, போன வருஷச் சட்டையின் அக்குள் மாதிரி இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. தண்ணீரில் நனைத்துவிட்டாள் என்று முதலில் மகளைத் திட்டினாள். பிறகு, காகிதம் விற்ற அருளப்பனை, அவன் அங்கே இல்லாதபோதும், திட்டினாள். அதற்கப்புறம்தான் திறந்து பார்த்தாள். நாலே நாலு கெட்டி அட்டைப் பக்கங்களில் ஒரு வாத்து சும்மா நின்றுகொண்டிருந்த புத்தகம் அது. இப்போது பன்னிரண்டு பக்கம். வாத்து நடந்துகொண்டிருந்தது. அடியில் 'வாத்து நடக்கிறது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "நடக்கட்டும், எனக்குப் பால் பொங்குது" என்று புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரு மாதத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. தண்ணீர் லாரி வராததற்குப் பழகிய தெருவுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. யூனிபார்ம் பாவாடைக்கு அடிமடிப்பு விடுவது போல அட்டை போடும்போதே இரண்டு விரற்கடை உள்ளே மடித்து விட்டார்கள், அருளப்பன் அதற்கு 'வளர்த்தி மடிப்பு' என்று பேர் வைத்து அகலக் காகிதமாகத் தருவித்தான். ஆசாரிமார் புத்தக அலமாரிக்குக் கதவு வைப்பதை நிறுத்தினார்கள். பங்குச்சாமி மூன்று ஞாயிறு இதைப் பற்றிப் பிரசங்கம் வைத்து, நாலாவது ஞாயிறு வழக்கம் போல வரதட்சணைக்குத் திரும்பினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்து, படிக்கிற புத்தகம் வளர்ந்தால் நல்லதுதானே, படிக்காத புத்தகம் வளர்ந்தால் சொல்லுங்கள் என்று ஒரே வாக்கில் முடித்துவிட்டார். குழாயடியில் பெண்கள், பிள்ளைக்குப் பல் விழுந்ததைச் சொல்வது போல, எங்க புத்தகத்துல படம் விழுந்துருச்சு, இனிமே வெறும் எழுத்துதான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கதை. ஒன்றுக்குத் தேர், ஒன்றுக்குத் தொலைந்துபோன செருப்பு, பெனிட்டாவுக்கு வாத்து. பதினாலு முடிந்ததும் கதையும் முடிந்துவிடும், அதற்குமேல் புத்தகம் வளராது, பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்க்காது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தெருவின் மானம் போனது.

புத்தகங்கள் பிறந்தநாளன்று வளரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சூசையப்பர் தெருவில் முக்கால்வாசிப் புத்தகங்கள் ஒரே நாளில், மே முப்பத்தொன்றில், வீடு வீடாக அட்டை கிழிய வளர்ந்தன. மே முப்பத்தொன்றுக்குள் மூன்று வயது முடிந்திருந்தால்தான் கான்வென்டில் எல்.கே.ஜி. சேர்ப்பார்கள். ஆகவே ஆடியில் பிறந்ததும் ஐப்பசியில் பிறந்ததும் மார்கழிக் குளிரில் பிறந்ததும் சர்டிபிகேட்டில் மே முப்பத்தொன்றில் பிறந்தன. வீட்டில் பிரசவம் ஆன பிள்ளைக்கு அம்மா சொன்னதுதான் தேதி. எந்தத் தாய்தான் ஒரு வருஷத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பாள்?

ஜெசிந்தா ஒரு வாரத்தைக்கூட விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. அவளும் அதே கான்வென்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட முதல் மணிக்குப் பிந்தாததற்காக சிஸ்டர் கையால் வாங்கிய வெள்ளி மெடல் இன்னும் நகைப்பெட்டியில் தாலிச்சரடுக்குப் பக்கத்தில் கிடந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்குமுன் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிடுவாள். ஜெபமாலையை இரண்டிரண்டு மணியாகத் தள்ளி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'அருள் நிறைந்த மரியே' என்று ஓட்டுவாள், மாதா கோபிக்க மாட்டாள், அவளும் வீட்டு வேலை பார்த்தவள்தானே என்பாள். பெனிட்டா நிஜத்தில் பிறந்தது நவம்பர் இருபது, அடைமழையில். சர்டிபிகேட்டில் அதே வருஷம் மே முப்பத்தொன்று. நூற்றெழுபத்துமூன்று நாள்.

"ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டும் ஜெசி. உள்ளதை எழுது. பிள்ளை இன்னும் மூக்கே சிந்தத் தெரியாம நிக்குது" என்று அவள் புருஷன் தனிஸ்லாஸ் அப்போதே சொன்னான். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன், உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகியவன்.

"மூக்கு சிந்த எல்.கே.ஜி.யில சொல்லிக் குடுப்பாங்க" என்று அவள் பேனாவை மூடினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஜூனில் தொடங்கி நவம்பர் வரை அந்த வீட்டில் சாயந்திரம் ஐந்தரை மணி என்றால் பக்கத்து வீடுகள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். புத்தகம் மே மாதமே வளர்ந்துவிடும், பிள்ளை வளர்ந்திருக்காது. தன்னைவிட நூற்றெழுபத்துமூன்று நாள் மூத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பெனிட்டா ஒவ்வொரு சொல்லாக, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுப்பது போல, எடுப்பாள், பாதி தூரம் வந்து திரும்ப விழும். ஜெசிந்தாவுக்குக் கை துறுதுறுக்கும். "சொல்லுட்டி! வாயில என்ன கொழுக்கட்டையா?" தொடையில் ஒரு நிமிண்டு. "ரிஸ்வானா வாசிக்கா, நீ என்னத்துக்கு முழிக்க?" ரிஸ்வானா என்பது எதிர்வீட்டு மைதீன் பாத்துவின் மகள். அவளும் வாசிக்கவில்லை, அவளும் மே முப்பத்தொன்றுதான், அவளை மைதீன் பாத்து அதே நேரத்தில் எதிர்வீட்டில் நிமிண்டிக்கொண்டிருந்தாள் என்பது ஜெசிந்தாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு சாயந்திரம், பெனிட்டா திடீரென்று ஒரே மூச்சில் முழுப் புத்தகத்தையும் வாசித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். ஜெசிந்தா அப்போது அடுப்படியில் இருப்பாள். சரியாகப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் வகுப்பில் ரிஸ்வானா எல்லாப் பாடத்திலும் கோட்டைவிட்டபோது, மைதீன் பாத்து முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உண்மைத் தேதியைச் சொல்லிவிட்டாள். கோமதிநாயகம் சார் சிவப்பு மையில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வேறு யார் திருத்தினாலும் மை விடியுமுன் காணாமல் போய்விடும், பல அம்மாமார் பால்பாயின்ட் பேனாவால் முயன்று பார்த்தாயிற்று. திருத்திய அன்றே புத்தகம் சுருங்கியது. ரிஸ்வானா ஒரு வகுப்பு இறங்கினாள். தெருவே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் அந்தப் புத்தகம் சீட்டைப் பார்த்து வளரவில்லை, பிள்ளையைப் பார்த்து வளர்ந்தது. அவளுக்கு அம்மை வார்த்துப் பத்து நாள் கிடந்தபோது புத்தகமும் பத்து நாள் அசையாமல் கிடந்தது. பொய்த்தேதிப் புத்தகம் தேதியைப் பார்க்கும், மெய்த்தேதிப் புத்தகம் பிள்ளையைப் பார்க்கும். இது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியானது. தெரிந்தும் யாரும் மாற்றவில்லை. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம் அல்லவா?

பெனிட்டா நாலாம் வகுப்புப் போன வருஷம், ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள்.

"ம்மா, மேல் சுடுது."

ஜெசிந்தா புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. வெயிலில் ஆடிவிட்டு வந்தால் சுடாமல் என்ன செய்யும்? "படிக்கச் சொன்னா மட்டும் மகாராணிக்குக் காய்ச்சல் வந்துரும். ரெண்டே பக்கம். வாசிச்சிட்டுப் போய்ப் படு."

எட்டு வயதுப் புத்தகம். தாளெல்லாம் மெலிந்து, படமெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. இரண்டாவது பக்கத்தில், 'வாத்து வரப்பில் நின்ற நீர்க்காக்கையிடம் குளத்துக்கு வழி கேட்டது' என்றிருந்தது. பெனிட்டா 'நின்ற' வரைக்கும் வந்தாள்.

"நீர்க்… நீர்க்கா…"

"முழுசாச் சொல்லு."

"நீர்க்… ம்மா, இது தெரியல."

"பாரு. எழுத்தைப் பாரு. கண்ணு எங்க போகுது?"

பதினொரு தடவை. ஜெசிந்தா எண்ணினாள், எண்ணுவது அவள் பழக்கம். பதினோராவது தடவைக்கு மேல் பொறுக்கமுடியாமல் புத்தகத்தைப் பிடுங்கி, "நீர்க்காக்கை! நீர்க்காக்கை! ஒரு காக்காயைச் சொல்ல ஒனக்கு ஒரு மணி நேரமா?" என்று சத்தமாகச் சொல்லி, படாரென்று மூடினாள். பெனிட்டா எழுந்து போய், பையை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, பாயை அவளே விரித்துப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். சனிக்கிழமை இன்னும் குறைந்துவிட்டன என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, இனிக் குறைய ஒன்றுமில்லை என்றார்கள். செய்தித்தாளில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள். மர்மம் என்ன மர்மம், ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடையைக் கேட்டால் அது சொல்லும் என்று ஜெசிந்தா அடக்கத்துக்கு வந்த கவுன்சிலரின் முகத்துக்கு நேரே சொன்னாள். அதற்கப்புறம் வெகுகாலம் அவள் யாரையும் எதுவும் சொல்லவில்லை. தெருவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிள்ளை போனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அதற்குள் தெருவில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. நூலகத்தின் அடித்தட்டில், பச்சைத் திரை போட்டு, அப்படிப்பட்ட புத்தகங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. மெய்த்தேதி எழுதியவை அங்கே இருந்தபடியே இருக்கும். பொய்த்தேதி எழுதியவை, பிள்ளை இல்லையென்று அவற்றுக்குச் சொல்ல ஆளில்லாததால், மே முப்பத்தொன்று வந்தால் வளரும். திரைக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். கோமதிநாயகம் சார் ஒவ்வொரு ஜூனிலும் மரப்பலகையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுப்பார், அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார்.

ஜெசிந்தா கொடுக்கவில்லை. தனிஸ்லாஸும் கொடுக்கச் சொல்லவில்லை. அடுத்த மே முப்பத்தொன்றில், அலமாரிக்குள் ஏதோ நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டது. திறந்தார்கள். பெனிட்டாவுக்கு ஒன்பது வயதாகியிருந்தது.

மூன்றாம் மனிதர் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் பத்து மாதத்துக்கப்புறம் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார்கள். தனிஸ்லாஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அருளப்பன் கடைக்குப் போய் பிரவுன் ஷீட் வாங்கி வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அட்டை போட்டான். லேபிள் ஒட்டினான். த. பெனிட்டா என்று எழுதி, வகுப்பு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தி, ஐந்து என்று எழுதினான். அவளுக்கு இந்நேரம் பின்னம் வந்திருக்கும் என்றான். பின்னம் உங்களுக்கே வராது என்றாள் ஜெசிந்தா. அந்த வருஷம் பூராவும் அப்படியே போனது. அவளுக்கு இந்நேரம் சைக்கிள் கால் எட்டியிருக்கும், அவளுக்கு இந்நேரம் தலைமுடி இடுப்புக்கு வந்திருக்கும், அவள் இந்நேரம் என்னை எதிர்த்துப் பேசுவாள். அடுத்த மே மாதம் பத்து வயதானது. வாத்து மூன்று கண்மாயைக் கடந்துவிட்டது, ஒரு தவளையோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனது. லேபிளில் ஆறாம் வகுப்பு.

தெரு இதற்கும் பழகிக்கொண்டது. பெனிட்டாவுக்கு இப்ப எத்தனை பக்கம் அக்கா என்று குழாயடியில் கேட்பார்கள். தொண்ணூறு என்பாள் ஜெசிந்தா. நல்லா இருக்கட்டும் என்பார்கள்.

ஆனால் ஜெசிந்தாவுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, தனிஸ்லாஸுக்குத் தெரியாது. எட்டு வயதுப் புத்தகத்தில், நீர்க்காக்கை இருந்த பக்கத்தின் கீழ்மூலையில், ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. பெனிட்டா காராச்சேவு தின்றுகொண்டே வாசித்தபோது பட்ட எண்ணெய்க்கறை, ரேகை ரேகையாக, ஓர் எட்டணாக் காசு அளவுக்கு. அதற்காக அன்றைக்கு அடிகூட வாங்கினாள். வளருகிற புத்தகத்தில் கறை நிற்காது, புதுத்தோல் வந்தால் பழைய தழும்பு தேய்வது போல. ஒன்பதானபோது அது மொச்சைக்கொட்டை அளவுக்குச் சுருங்கியது. பத்தானபோது மிளகு. பெனிட்டா சொல்லுக்கடியில் வைத்த பென்சில் புள்ளிகள் எல்லாம் ஏற்கனவே போய்விட்டிருந்தன. மூன்றாவது மே முப்பதாம் தேதி மத்தியானம், பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துவிட்டு ஜெசிந்தா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு கடுகுதான் இருந்தது. நாளைக்கு இந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது. நாளைக்கு அந்தப் பிள்ளையின் விரல் இருக்காது.

அவள் மைதீன் பாத்து வீட்டுக்குப் போனாள். பாத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து, அன்னைக்குத் தேதி மாத்தும்போது என்ன கேட்டாரு அந்த மனுஷன்?"

பாத்துவின் கையில் முறம் நின்றது. "யக்கா, இப்ப எதுக்கு அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நாலு மணி ஆகுது, அவரு அஞ்சுக்கு நடையைச் சாத்திருவாரு."

"அத்தா கையெழுத்து வேணும்னாரு. அம்மா ஒருத்தி வந்து சொன்னா போதாதாம்." பாத்து எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, ஒங்களுக்குத் தெரியும்லா. உண்மைத் தேதி எழுதினா அது பிள்ளையைப் பாத்துத்தான் வளரும். பிள்ளை இல்லாட்டி…"

"எனக்குச் சொல்லித் தாரியா?" என்று கையை உருவிக்கொண்டாள் ஜெசிந்தா. பழைய ஜெசிந்தாவின் குரலாக இருந்ததால் பாத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் தனிஸ்லாஸ் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, அருளப்பன் கடையிலிருந்து வாங்கி வந்த பெரிய பிரவுன் ஷீட்டை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். இந்த வருஷத்துக்கு முழுத்தாள் வேண்டியிருந்தது. புது லேபிளில் ஏழாம் வகுப்பு என்று எழுதியே வைத்துவிட்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள். சுற்றிவளைத்துச் சொல்ல அவளுக்கு வராது, ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

அவன் தாளை நீவுவதை நிறுத்தவில்லை. "முடியாது."

"கையெழுத்துதான் கேக்கேன்."

"அன்னைக்கு நான் கேட்டேன்ட்டி. உள்ளதை எழுதுன்னு கேட்டேன். ஒனக்குப் பொய் வேணும்னு இருந்துச்சு, சரின்னு விட்டேன். இன்னைக்கு எனக்கு அந்தப் பொய் வேணும். நீ விட்டுரு." லேபிளை எடுத்து அவளிடம் நீட்டினான். "அவ ஏழாங் கிளாஸ் போறா, ஜெசி."

"அவ நாலாங் கிளாஸ்கூடப் போயிருக்கக் கூடாது. மூணுல இருக்க வேண்டியவ."

"இன்னும் மூணு வருஷந்தான். பதினாலு வரைக்கும் பாத்துக்கிடுதேன். அப்புறம் நீ என்ன வேணாச் செய்."

அவளால் பொறுக்கமுடியாது என்பது ஊரறிந்தது. ஆனால் அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை அவன் மடியில் வைத்து, கீழ்மூலையைச் சுட்டுவிரலால் காட்டினாள். "இதான் நம்ம பிள்ளை. இவ்வளவுதான் மிச்சம் இருக்கா. மத்ததெல்லாம் நான் எழுதிக் குடுத்த பிள்ளை."

தனிஸ்லாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஜெசிந்தா நின்றாள். சுவர்க்கடிகாரத்தில் நாலே முக்கால் ஆனது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி அவன் விரலைப் பார்த்தாள். நாலு ஐம்பதுக்கு அவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

நூலகத்தில் கோமதிநாயகம் சார் ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தனிஸ்லாஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை வாசித்தார். பதிவேட்டை எடுத்தார். வரிசை எண்ணைத் தேடினார். சிவப்பு மைப் பேனா எழுதவில்லை, உதறினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். வேறொரு நாள் என்றால் ஜெசிந்தா அதைப் பிடுங்கித் தானே எழுதியிருப்பாள்.

"இதுக்குமேல அது இருந்தபடியேதான் இருக்கும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நெனச்சுப் பாத்தாச்சுல்லா? திருப்பி மாத்த முடியாது."

"நெதானமா எழுதுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை.

சீட்டில் மே முப்பத்தொன்றை அடித்து, நவம்பர் இருபது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊதி உலர்த்தினார்.

படியிறங்கும்போதே கையில் அது இளைக்கத் தொடங்கியது. பத்து வயது போனது, தவளையும் கண்மாய்களும் போயின. ஒன்பது போனது. ரேஷன் கடையைத் தாண்டும்போது எட்டு போனது, அவள் விரல்களுக்குள் தாள் கெட்டியானது. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். யாரும் எத்தனை பக்கம் என்று கேட்கவில்லை. மைதீன் பாத்து மட்டும் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்து, வாசலோடு நின்றுகொண்டாள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து திறந்தாள். ஏழு வயதுப் புத்தகம். படங்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தன. சொல்லுக்குச் சொல் பென்சில் புள்ளி. இரண்டாவது பக்கத்தின் கீழ்மூலையில் கட்டைவிரல், எட்டணாக் காசு அளவுக்கு முழுசாக, ரேகை ரேகையாக, காராச்சேவு வாசனையோடு. தனிஸ்லாஸ் அதைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

ஜெசிந்தா விரலைப் பார்த்தாள், அப்புறம்தான் மேலே வாக்கியத்தைப் பார்த்தாள். ஏழு வயதுப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. பிள்ளை தப்பில்லாமல் வாசித்த பக்கங்களை அவள் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

'வாத்து ஒரு கறுப்புப் பறவையிடம் வழி கேட்டது.'

நீர்க்காக்கை இல்லை. அந்த இடத்தில், அதே வரப்பில், அதே பறவை, கறுப்புப் பறவை என்ற பேரோடு நின்றுகொண்டிருந்தது. கறுப்பு பெனிட்டாவுக்கு வரும். பறவையும் வரும். காய்ச்சலோடு இருந்தாலும் வரும். ஒரு மூச்சு பிடிக்காது, வாசித்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்திருப்பாள்.

வெகுநேரம் கழித்து தனிஸ்லாஸ் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பதினொரு வயதுக்கு வாங்கிய பெரிய பிரவுன் ஷீட்டை எடுத்து, பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்து, சின்னப் புத்தகத்துக்கு நாலு அடுக்காக அட்டை போட்டான். வளர்த்தி மடிப்பு விடவில்லை, ஓரத்தோடு ஓரம் வைத்து அழுத்திவிட்டான். ஏழாம் வகுப்பு என்று எழுதிய லேபிளைக் கிழித்துவிட்டு, வேறொன்று ஒட்டி, மூன்று என்று எழுதினான்.

மறுநாள் மே முப்பத்தொன்று. தெருவெல்லாம் அட்டை கிழிகிற சத்தம். அலமாரிகளிலிருந்து புத்தகங்கள் விழுகிற சத்தம். அம்மாமார் எத்தனை பக்கம் எத்தனை பக்கம் என்று வீட்டுக்கு வீடு கத்திக் கேட்கிற சத்தம். ஜெசிந்தா வீட்டில் ஒன்றும் அசையவில்லை. சாயந்திரம் ஐந்தரைக்கு அவள் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் ஆவி தானாக அடங்கட்டும் என்று விட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து, பை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே, பாயில் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். வாத்து குளத்துக்குப் போகிற வழியில் இரண்டாவது பக்கத்தில் நின்றது. எதிர்வீட்டு மைதீன் பாத்து, பழக்கத்தில் ஜன்னலைச் சாத்த வந்தவள், சாத்தாமல் நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஜெசிந்தா வாசிக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவில்லை, பக்கத்தைத் திருப்பவுமில்லை. கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, பிள்ளை தானாகத் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள்.